பறவைகளுக்காக மலையை வாங்கிய டாக்டர்!

குழந்தைகளே! உங்கள் அட்லஸை எடுத்து இத்தாலி நாட்டைத் தேடிப் பாருங்கள். மத்தியதரைக் கடலுக்குள் நீட்டிக் கொண்டிருக்கும் பூட்ஸ் கால் போல இருக்கும். அதன் மேற்குக் கரையில், தெற்குப் பக்கமாக நேப்பிள்ஸ் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. பக்கத்திலேயே வெசூவியஸ் எரிமலை. எதிரே கடலில் ஒரு சின்னப் புள்ளி தெரிகிறதா? அதுதான் காப்ரித் தீவு. அதன் பரப்பளவு சுமார் 10 சதுர கிலோமீட்டர்தான்.

இந்தச் சின்னத் தீவில், குளிர் அதிகமான சுவீடன் நாட்டிலிருந்து வந்த ஒருவர் வாழ்ந்தார். அவர் பெயர் ஆக்செல் முந்தே. அரச குடும்பத்துக்கே வைத்தியம் பார்த்த டாக்டர் அவர். ஏழைகளின் குடிசைக்கும் போவார். குருவிக்கும் காடைக்கும் கூட அவர் நண்பர். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

படியேறிப் போன இளைஞர்

ஆக்செல் முந்தே 1857-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி சுவீடனில் ஆஸ்கர்ஷாம்ன் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். சிறு வயதிலேயே முந்தேக்கு நாய்கள், பறவைகள் என்றால் உயிர். உப்சாலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்துக் கொண்டிருந்தபோது அவருக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. வெயில் அடிக்கும் தெற்கு நாடுகளுக்குப் போய் வந்தால் நல்லது என்று இத்தாலிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 18.

சொரெந்தோ என்ற ஊரிலிருந்து ஒரு சிறு படகில் ஏறிக் காப்ரித் தீவில் இறங்கினார். தீவில் இரண்டு ஊர்கள். கீழே காப்ரி; மலைமேல் அனகாப்ரி. அந்தக் காலத்தில் மேலே போக வண்டிப் பாதை கிடையாது. பாறையைக் குடைந்து செதுக்கிய செங்குத்தான படிக்கட்டு மட்டும்தான் வழி. 900-க்கும் மேற்பட்ட படிகள்! பெண்கள் தலையில் சுமையோடு, வெறுங்காலுடன் அந்தப் படிகளில் ஏறி இறங்குவார்கள். தபாலும் அப்படித்தான் மேலே போகும். தபால் கொண்டு போகும் வயதான பெண்மணி ஒருவருக்கு எழுதப் படிக்கவே தெரியாது என்று முந்தே பிற்காலத்தில் தம் நூலில் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

மூச்சு வாங்கப் படிகளை ஏறி முடித்தார் முந்தே. அங்கே ஒரு விவசாயியின் சிறிய வீடும், திராட்சைத் தோட்டமும், பக்கத்தில் இடிந்து கிடந்த ஒரு பழைய தேவாலயமும் இருந்தன. தேவதூதர் மிக்கேலின் பெயரால் கட்டப்பட்ட அந்தக் கோயிலை இத்தாலிய மொழியில் சான் மிக்கேலே என்பார்கள். அங்கே நின்று கீழே பார்த்தார். நீலக்கடல், நேப்பிள்ஸ் வளைகுடா, தூரத்தில் வெசூவியஸ். முந்தே அப்படியே சொக்கிப் போனார். என்றாவது ஒருநாள் இந்த இடத்தை வாங்கி, நம் கையாலேயே ஒரு வீடு கட்ட வேண்டும் என்று அன்றைக்கே மனதில் முடிவு செய்துவிட்டார். கையில் காசு இல்லை. படிப்பும் முடியவில்லை. ஆசை மட்டும் மலையளவு இருந்தது!

தோட்டத்து மண்ணைக் கொத்தினால் பளிங்குத் துண்டும், பழைய காசும், வண்ணம் பூசிய சுவரும் கிடைக்குமாம். ஏனென்றால், ரோமாபுரியின் பேரரசர் திபேரியஸ் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் தம் கடைசிப் பத்து ஆண்டுகளை இந்தத் தீவில்தான் கழித்தார். இங்கே அவருக்குப் பல மாளிகைகள் இருந்தன. விவசாயிகளுக்குச் சரித்திரம் தெரியாது. பழைய பொருள் எது கிடைத்தாலும் அது திபேரியஸின் சாமான் என்று சொல்லித் தூக்கி எறிந்துவிடுவார்கள்!

22 வயதில் டாக்டர்

முந்தே பிரான்ஸ் நாட்டுக்குப் போனார். மோன்பெலியே நகரிலும் பாரிஸ் நகரிலும் மருத்துவம் படித்தார். 1880-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 22! பாரிசிலேயே மருத்துவமனை வைத்தார். நோயாளிகள் வந்து குவிந்தார்கள். அவர்களில் பெரிய பணக்காரர்களும் உண்டு. பேரும் பணமும் சேர்ந்தன.

இப்படி வசதியாக இருந்த நேரத்தில்தான், 1884-ஆம் ஆண்டு நேப்பிள்ஸ் நகரில் காலரா பரவிய செய்தி வந்தது.

காலரா என்பது கடுமையான வாந்திபேதி நோய். உடம்பில் உள்ள நீரும் உப்பும் சில மணி நேரத்திலேயே வெளியேறிவிடும். இப்போது உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் கொடுத்துப் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் அந்த முறை தெரியாது. காலரா வந்தவர்களில் பாதிப் பேர் பிழைப்பதே அபூர்வம். அதே 1884-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் ஜெர்மனி நாட்டு டாக்டர் ராபர்ட் கோக், நம் நாட்டுக் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்து, காலராவுக்குக் காரணமான கிருமி இதுதான் என்று காட்டினார். அது அசுத்தமான தண்ணீர் மூலம் பரவுகிறது என்பதை எல்லா டாக்டர்களும் அப்போது ஏற்றுக் கொள்ளவில்லை.

எல்லோரும் ஓட, இவர் உள்ளே போனார்

நேப்பிள்ஸின் நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? துறைமுகத்தை ஒட்டிய குறுகலான சந்துகளில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். தெருமட்டத்தில் ஒரே அறை. ஜன்னல் கிடையாது. அதிலேயே ஏழெட்டுப் பேர், கூடவே கோழியும் இருக்கும். கிணற்றுத் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டிருந்தது. அதைத்தான் குடிக்க வேண்டும். காலராவுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

செப்டம்பர் மாதத்தில் சாவு மளமளவென்று கூடியது. காற்றைச் சுத்தப்படுத்தும் என்று நம்பித் தெருவெல்லாம் கந்தகம் போட்டு எரித்தார்கள். நகரம் முழுவதும் ஒரே புகை. வசதி உள்ளவர்கள் மூட்டை கட்டிக் கொண்டு வெளியூர் போனார்கள். ஏழைகள் எங்கே போவார்கள்? டாக்டர்களைக் கண்டாலே அவர்களுக்குப் பயம். மருந்து என்ற பெயரில் விஷம் கொடுக்கிறார்கள் என்று ஒரு வதந்தி பரவியிருந்தது. டாக்டர்கள் மீது கல்லெறிந்த சம்பவங்களும் உண்டு.

இந்த நகரத்துக்குள்தான் 26 வயது முந்தே தாமாக வந்து இறங்கினார். யாரும் அழைக்கவில்லை. சம்பளமும் கிடையாது. ஏழைகளின் சந்துகளில் நுழைந்து நோயாளிகளைக் கவனித்தார். இரவில் அறைக்கு வந்து, அன்று பார்த்ததைச் சுவீடன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதமாக எழுதி அனுப்பினார். அந்தக் கடிதங்கள் பிறகு நூலாகவும் வந்தன. தூரத்து நாட்டு மக்கள் நேப்பிள்ஸ் ஏழைகளின் துயரத்தை அவற்றின் மூலம் தெரிந்து கொண்டார்கள்.

முந்தே பயமே இல்லாத வீரராக இருந்தாரா? இல்லை குழந்தைகளே! நோய் தொற்றிவிடுமோ என்று அந்த நாட்களில் மிகவும் நடுங்கியதாக அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பயந்து கொண்டேதான் போனார். ஆனாலும் போனார். பயம் வந்த பிறகும் கடமையை விடாமல் செய்வதுதானே உண்மையான தைரியம்?

அந்தக் கொள்ளை நோயில் நேப்பிள்ஸ் நகரில் மட்டும் சுமார் 7,000 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அரசு விழித்துக் கொண்டது. 1885-ல் செரினோ என்ற மலைப்பகுதியின் ஊற்றுகளிலிருந்து குழாய் மூலம் நல்ல தண்ணீர் நேப்பிள்ஸுக்கு வந்து சேர்ந்தது. நெரிசலான சந்துகளை இடித்து அகலமான தெருக்கள் போடவும் சட்டம் வந்தது. 

கல்லைக் கல்லாகச் சேர்த்த வீடு

முந்தேக்குப் பாரிஸ் வாழ்க்கை பிடிக்காமல் போயிற்று. காப்ரித் தீவு கூப்பிட்டுக் கொண்டே இருந்தது. கடைசியில் அனகாப்ரிக்கே வந்து சேர்ந்தார். ஆனால் வீடு கட்டப் பணம் வேண்டுமே! அதற்காக 1890-ல் ரோம் நகரில் மருத்துவமனை வைத்தார். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1821-ல் காலமான அதே வீட்டில்தான் முந்தே குடியிருந்தார். அங்கே பணக்கார நோயாளிகளிடம் நிறையச் சம்பாதித்தார். சம்பாதித்த பணத்தை எல்லாம் கொண்டு வந்து சான் மிக்கேலேயில் கொட்டினார்.

வீட்டுக்குப் பொறியாளர் யாரும் கிடையாது. முந்தே ஒரு கரித்துண்டை எடுத்துத் தோட்டத்து வெள்ளைச் சுவரில் கோடு போட்டுக் காட்டுவாராம். அதுதான் பிளான்! உள்ளூர்க் கொத்தனார் ஒருவரும், அவருடைய மூன்று மகன்களும் அதைப் பார்த்துக் கட்டினார்கள். முந்தேயும் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டு அவர்களோடு சேர்ந்து கல் சுமந்தார். தோண்டும்போது கிடைத்த பழங்காலத் தூண்களையும், பளிங்குத் துண்டுகளையும், எழுத்து பொறித்த கற்களையும் தூக்கி எறியவில்லை. சுவரிலும் தரையிலும் அழகாகப் பதித்துவிட்டார்.

வீட்டுக்குள் எங்கு பார்த்தாலும் வெயிலும் காற்றும் தாராளமாக வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதனால் திறந்த தாழ்வாரங்கள் வைத்தார். வரிசையாக வெள்ளைத் தூண்கள் நட்டு, அவற்றின்மேல் கொடிப் பந்தல் போட்டார். இடிந்து கிடந்த தேவாலயத்தையும் சீர்படுத்தினார். அதன் அருகே, மதில் மேல், எகிப்து நாட்டுச் சிற்பம் ஒன்றை வைத்தார். சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட ஸ்பிங்க்ஸ் சிற்பம் அது. 3,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. நமக்கு முதுகைக் காட்டிக் கொண்டு கடலையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். இடது கையால் அதைத் தொட்டு ஏதாவது நினைத்துக் கொண்டால் அது நடக்கும் என்று அங்கே வருகிறவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

கடல் மட்டத்திலிருந்து 327 மீட்டர் உயரத்தில் அந்த வீடு நின்றது. வீடு நிறைய நாய்கள். ஆமை, ஆந்தை, கீரி எல்லாம் இருந்தன. பில்லி என்ற பபூன் குரங்கு ஒன்றும் இருந்தது. அது செய்த சேட்டைகளைப் பற்றி முந்தே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

அனகாப்ரியின் ஏழைகளுக்கு முந்தே இலவசமாக வைத்தியம் பார்த்தார். அதே சமயம், 1892 முதல் சுவீடன் அரச குடும்பத்துக்கும் அவர் டாக்டர். பிற்காலத்தில் சுவீடனின் ராணியான விக்டோரியாவுக்கு நெஞ்சு நோய் இருந்தது. முந்தே சொன்னபடி அவர் பல ஆண்டுகள் காப்ரித் தீவுக்கு வந்து தங்கினார். ராணிக்கும் நாய்கள் என்றால் பிரியம். டாக்டரும் ராணியும் நாய்களைக் கூட்டிக் கொண்டு தீவுப் பாதைகளில் நடந்து போவதை ஊர்மக்கள் வழக்கமாகப் பார்ப்பார்கள். 1930-ல் ராணி இறக்கும்வரை முந்தேதான் அவருடைய டாக்டர்.

காடைகளின் கண்ணீர்

இனிமேல்தான் நம் கதையின் முக்கியமான பகுதி வருகிறது.

காடை என்ற பறவை உங்களுக்குத் தெரியும். ஒரு கைப்பிடி அளவுதான் இருக்கும். எடை சுமார் 100 கிராம். இந்தச் சின்னப் பறவை குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு, வசந்த காலத்தில் மத்தியதரைக் கடலைத் தாண்டி ஐரோப்பாவுக்குப் பறந்து வரும். இரவெல்லாம் கடல்மேல் பறந்து, இறக்கை சோர்ந்து, விடியற்காலையில் முதலில் கண்ணில் படும் நிலத்தில் இறங்கும். காப்ரித் தீவு அப்படிப்பட்ட இடம்.

அங்கே அவற்றுக்காக வலை காத்துக் கொண்டிருந்தது! மலைச்சரிவில் உயரமான வலைகளைக் கட்டி வைத்திருப்பார்கள். களைத்துப் போய் இறங்கும் காடைகள் நேராக வலையில் விழும். ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் பிடித்து, கூண்டுகளில் அடைத்து, பெரிய நகரங்களின் ஓட்டல்களுக்குக் கப்பலில் அனுப்புவார்கள். இது பல நூறு ஆண்டுகளாக நடந்து வந்த தொழில். ஒரு காலத்தில் காப்ரித் தீவின் பிஷப்புக்கே இதிலிருந்துதான் வருமானம் வந்தது. அதனால் அவருக்குக் காடை பிஷப் என்றே பட்டப் பெயர்!

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பறக்கிற பறவைகளைக் கூப்பிட, கூண்டில் ஒரு பறவையை வைத்திருப்பார்கள். கண் தெரியாத பறவை இரவு பகல் தெரியாமல் ஓயாமல் கத்தும் என்பதால், சூடான ஊசியால் அதன் கண்களைக் குருடாக்கிவிடுவார்கள். கேட்கவே மனம் பதறுகிறது அல்லவா? முந்தேயின் மனமும் பதறியது.

அவருடைய வீட்டுக்கு மேலே பார்பரோசா என்ற மலை இருக்கிறது. உச்சியில் பழைய கோட்டை ஒன்று இடிந்து கிடக்கும். பறவைகள் அதிகம் இறங்கும் இடம் அதுதான். அந்த மலையின் சொந்தக்காரர் முன்பு கசாப்புக்கடை வைத்திருந்தவர். பறவை பிடிப்பதுதான் அவருக்கு இப்போது தொழில். மலையை விலைக்குக் கேட்டார் முந்தே. அவருக்கு எவ்வளவு ஆசை என்று தெரிந்ததும் சொந்தக்காரர் விலையை ஏற்றிக் கொண்டே போனார்.

முந்தே அதிகாரிகளிடம் முறையிட்டார். சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். பிறகு தம் நாய்களை இரவெல்லாம் குரைக்கப் பழக்கினார். சத்தம் கேட்டால் பறவைகள் இறங்காமல் போய்விடும் அல்லவா? நாய்களில் ஒன்றை யாரோ விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள். அடுத்து ஒரு பழைய பீரங்கியை வாங்கி நள்ளிரவிலிருந்து விடியும்வரை வெடித்தார். சொந்தக்காரர் வழக்குப் போட்டார். தொழிலைக் கெடுத்ததற்காக முந்தேக்கு 200 லிரா அபராதம்! அந்த நாட்களில் தமக்குத் தூக்கமே வராது என்றும், வலையில் விழும் பறவைகளின் சத்தம் காதில் ஒலித்துக் கொண்டே இருக்கும் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

இப்படி இருக்கும்போது மலையின் சொந்தக்காரருக்கு நெஞ்சில் கடுமையான நோய் வந்தது. மற்ற டாக்டர் கைவிட்டுவிட்டார். முந்தேயைக் கூப்பிட ஆள் வந்தது. இனிமேல் பறவைகளின் கண்ணைக் குத்துவதில்லை என்று சத்தியம் செய்து, மலையையும் விற்பதாக இருந்தால்தான் வருவேன் என்று முந்தே சொல்லி அனுப்பினார். முதலில் மறுத்த அந்த மனிதர், கடைசியில் ஒப்புக் கொண்டார். முந்தே போய், நெஞ்சில் கட்டியிருந்த சீழை ஊசி போட்டு எடுத்தார். அவர் பிழைத்துக் கொண்டார். பார்பரோசா மலை முந்தேயின் கைக்கு வந்தது!

குழந்தைகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உயிருக்குப் போராடும் ஒருவரிடம் ஒரு டாக்டர் இப்படி நிபந்தனை போடலாமா? பறவைகளைக் காப்பாற்றியது நல்ல காரியம்தான். ஆனால் அந்த மனிதர் கடைசிவரை மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரியவர்களின் வாழ்க்கையில் நாம் மெச்சும் செயலும் இருக்கும். யோசிக்க வேண்டிய செயலும் இருக்கும். உங்கள் வகுப்பில் நண்பர்களோடு இதைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

அன்றிலிருந்து அந்த மலையில் வலை கிடையாது. களைத்து வரும் பறவைகள் அங்கே பயமில்லாமல் இறங்கித் தூங்கின. பிறகு 1930-களில் இத்தாலிய அரசு காப்ரித் தீவு முழுவதிலும் பறவை வேட்டைக்குத் தடை போட்டது. முந்தே பல ஆண்டுகள் விடாமல் கேட்டதன் பலன் அது.

இடிந்து போன நகரம்

1908-ஆம் ஆண்டு டிசம்பர் 28. விடியற்காலை சுமார் ஐந்தரை மணிக்குத் தெற்கு இத்தாலி குலுங்கியது. சிசிலித் தீவின் மெசினா நகரமும், எதிர்க்கரையில் உள்ள ரெஜ்ஜோ நகரமும் அரை நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் தரைமட்டமாயின. உடனே சுனாமி அலைகளும் கரையில் ஏறின. 75,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அருகில் இருந்த ரஷ்யக் கடற்படைக் கப்பல்கள்தான் முதலில் உதவிக்கு வந்தன. தாமும் மெசினாவுக்குப் போய், இடிபாடுகளுக்கு நடுவே பட்ட பாடுகளை முந்தே தம் நூலில் எழுதியிருக்கிறார். முதல் உலகப்போரிலும் காயம்பட்ட வீரர்களுக்கு அவர் சேவை செய்தார். அதைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார்.

வெளிச்சமே பகையானது

இனி வருவது மனதைத் தொடும் பகுதி. வெளிச்சத்துக்காகவே வீடு கட்டிய முந்தேக்குக் கண்நோய் வந்தது. ஒரு கண்ணில் பார்வை போயிற்று. மற்றொரு கண்ணும் மங்கியது. காப்ரியின் பளீரென்ற வெயில் கண்ணைக் குத்தியது. வெள்ளைத் தூண்களும் சுவர்களும் அந்த வெயிலை இன்னும் அதிகமாக்கின. பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் அவரால் இருக்க முடியவில்லை!

அனகாப்ரியின் இன்னொரு பக்கத்தில், மரங்களுக்கு நடுவே மதெரீத்தா என்ற பழைய கோபுர வீடு ஒன்று இருந்தது. கனமான சுவர், சின்னச் சின்ன ஜன்னல்கள், உள்ளே நிழல். முந்தே அங்கே குடிபோனார்.

கண் தெரியாதவர் சும்மா உட்கார்ந்திருந்தாரா? அதுதான் இல்லை. தூக்கம் வராத இரவுகளில் தம் வாழ்க்கை நினைவுகளை எழுதினால் மனபாரம் குறையும் என்று எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸ் ஒருமுறை அவருக்கு யோசனை சொல்லியிருந்தார். அது நினைவுக்கு வந்தது. டைப்ரைட்டரில் எழுத்துகளைத் தடவித் தடவித் தட்டப் பழகிக் கொண்டார். இப்படி உருவானதுதான் 'சான் மிக்கேலின் கதை' என்ற நூல். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அது 1929-ல் லண்டனில் வெளியானது. அப்போது முந்தேக்கு வயது 71! நூல் உலகமெங்கும் விற்றுத் தீர்ந்தது. 40-க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. அதில் நடந்ததும் கற்பனையும் கலந்து இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். தேவதூதரும் குள்ளபூதமும் கூட அதில் வருகின்றன! பீரங்கி வெடித்த கதையையும் கொஞ்சம் உப்பு, காரம் சேர்த்துத்தான் சொல்லியிருப்பார் போலும். ஆனால் பார்பரோசா மலை உண்மை. அங்கே இறங்கும் பறவைகளும் உண்மை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு கண்ணில் செய்த அறுவை சிகிச்சையால் முந்தேக்கு ஓரளவு பார்வை திரும்பியது. கடலையும் மலையையும் மறுபடி கண்ணால் பார்த்தார். இரண்டாம் உலகப்போர் நடந்து கொண்டிருந்த 1943-ல் காப்ரியை விட்டுச் சுவீடனுக்குப் போனார். மன்னரின் விருந்தாளியாக ஸ்டாக்ஹோம் அரண்மனையில் கடைசி நாட்களைக் கழித்தார். காப்ரிக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசை நிறைவேறவில்லை. 1949-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ந் தேதி, 91-ஆம் வயதில் காலமானார்.

இன்றும் இறங்கும் பறவைகள்

தாம் கட்டிய வீட்டை முந்தே சுவீடன் நாட்டுக்கே உயில் எழுதி வைத்துவிட்டார். இன்று அது அருங்காட்சியகம். உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து, வெள்ளைத் தூண்களுக்கு நடுவே நடந்து, ஸ்பிங்க்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பார்பரோசா மலையிலும் ஒரு நல்ல காரியம் நடக்கிறது. 1950-களிலிருந்து அங்கே பறவை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அங்கே இப்போதும் மெல்லிய வலைகள் கட்டுகிறார்கள். பயப்படாதீர்கள்! வலையில் சிக்கும் பறவையை மெதுவாக எடுத்து, எடை பார்த்து, காலில் எண் பொறித்த லேசான உலோக வளையம் ஒன்றைப் போட்டு உடனே பறக்கவிட்டு விடுவார்கள். அதே பறவை பிறகு வேறு நாட்டில் கிடைத்தால், அந்த எண்ணை வைத்து அது எங்கிருந்து எங்கே பறந்தது என்று கண்டுபிடிக்கலாம். ஒரு காலத்தில் சாவுக்காக வலை கட்டிய அதே மலையில், இன்று பறவைகளின் வழியைத் தெரிந்து கொள்ள வலை கட்டுகிறார்கள்!

முந்தே பிறந்த நாடு வேறு. வாழ்ந்த நாடு வேறு. ஆனால் நேப்பிள்ஸின் ஏழைகளையோ, காப்ரியின் விவசாயிகளையோ அவர் அந்நியர்களாக நினைக்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த காடையையும் விருந்தாளியாகத்தான் நினைத்தார். அடுத்த முறை ஒரு சின்னப் பறவை களைத்துப் போய் உங்கள் வீட்டு மாடியில் வந்து உட்கார்ந்தால், விரட்டாதீர்கள் குழந்தைகளே! ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் வையுங்கள். அது எவ்வளவு தூரம் பறந்து வந்ததோ, யாருக்குத் தெரியும்!